ஆடத் தெரிந்த ஊருக்கு ஒப்பாரி மட்டும் கேட்காதா?

'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டுக்கு ஆடாத கல்யாண மண்டபம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறதா? 2021 மார்ச்சில் அந்தப் பாட்டு வெளிவந்தது. அதற்குப் பிறகு அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர், இலுப்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும், காதுகுத்தோ கல்லூரி விழாவோ பொங்கல் விளையாட்டுப் போட்டியோ, அந்தப் பாட்டு இல்லாமல் முடிந்ததில்லை. ஆடியவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. வயல் வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளையும் ஆடியது. அந்த வயலில் நடவுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையும் ஆடியது. "பார்த்தீர்களா, பாட்டுக்குச் சாதி கிடையாது" என்று பூரித்துப் போனவர்கள் பலர்.

2022 டிசம்பர் 26. இதே மாவட்டம். முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர் வருகிற பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள்.

ஆடிய அந்தக் கால்களெல்லாம் அன்றைக்கு எங்கே போயின? அறிவின் பாட்டை அலைபேசியில் ரிங்டோனாக வைத்திருந்த எத்தனை பேர் வேங்கைவயலுக்கு ஒரு குடம் தண்ணீரோடு போனார்கள்? எத்தனை பேர் தங்கள் சொந்த ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "இது நம் மாவட்டத்துக்கு அவமானம்" என்று ஒரு வார்த்தை பேசினார்கள்? பாட்டுக்குச் சாதி கிடையாது என்றவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குச் சாதி உண்டு என்பது தெரிந்தேதான் இருந்தது. தெரிந்துகொண்டேதான் ஆடினார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. கூடவே, அவர்கள் தள்ளிவிட்டுப் போகிற பாடல்களைப் பற்றியது.

ஆட்டத்துக்கு அடியில் கிடக்கும் அழுகை

முதலில் எல்லோரும் ஆடிய அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். அரக்கோணத்துக்காரரான அறிவு அதைத் தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எடுத்தார். பிழைப்புக்காக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே காட்டை அழித்துத் தோட்டமாக்கி, கடைசியில் அங்கேயும் நிலமில்லாமல், திரும்பி வந்த பின் இங்கேயும் நிலமில்லாமல் கூலியாக நின்ற ஒரு தலைமுறையின் கதை அது. அந்தப் பாட்டுக்குள் ஒப்பாரி இருக்கிறது. நட்டவருக்கும் விளைவித்தவருக்கும் பிடி மண் இல்லாமல் போனது எப்படி என்ற கேள்வி இருக்கிறது. 2024-இல் அவர் வெளியிட்ட ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார். தான் யாருடைய பேரன் என்று இதைவிடச் சத்தமாக ஒருவர் சொல்ல முடியாது.

இந்தக் கதைக்கும் புதுக்கோட்டைக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த பகுதிகளில் நம் பகுதியும் ஒன்று. தொண்டியிலிருந்தும் பாம்பனிலிருந்தும் போனது போலவே, இன்றைய புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் இருக்கிற அம்மாபட்டினத்திலிருந்தும் அந்த மக்கள் தோணி ஏறினார்கள். மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியே கண்டி மலைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களைப் புதைக்கக்கூட ஆளில்லாமல் நடந்தார்கள். போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நிலம் இருந்தால் யார் போவார்கள்? 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாபட்டினத்துக் கரையில் தோணி ஏறியவர்களின் ஒப்பாரிக்குத்தான் நாம் மண்டபத்தில் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆடுவது தப்பில்லை. அந்தத் தாளம் ஆடத்தான் வைக்கும். ஆனால் பாட்டிலிருந்து தாளத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, நிலத்தைப் பற்றிய கேள்வியை மண்டபத்து வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போவதற்குப் பெயர் ரசனை இல்லை. அது காலங்காலமாக இந்த ஊர்கள் செய்துவருகிற வேலை.

பறை வேண்டும், பறையடிப்பவர் வேண்டாம்

சாவுக்குப் பறை வேண்டும். சாமி புறப்பாட்டுக்குப் பறை வேண்டும். ஊர்க்கூட்டம் என்று அறிவிக்கப் பறை வேண்டும். அடிக்கிற மனிதர் மட்டும் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அவருக்குத் தனிக் குவளை. அவருக்குத் தனிச் சுடுகாடு. சத்தத்தை உள்ளே விட்டு, ஆளை வெளியே நிறுத்துகிற இந்த ஏற்பாட்டைத்தான் சாதி என்கிறோம். பறை போய் ஸ்பீக்கர் வந்ததால் அந்த ஏற்பாடு மாறிவிட்டதா?

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை, இந்தப் பாட்டின் வெற்றியையும் சேர்த்துப் பேசிய இதழின் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார், சமூக வலைத்தளங்களில் எதிர்ப்பு கிளம்பியது, அதற்குப் பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்த்த அந்த மேடையில் அதே பாட்டு ஒலித்தது. அறிவு இல்லை. தன் உழைப்பு பற்றி அவர் வேதனையோடு எழுத வேண்டியிருந்தது. இசையமைப்பாளர் தரப்பும் தீயும் தங்கள் விளக்கத்தைச் சொன்னார்கள். அந்தப் பாட்டால் தனக்கும் வருமானம் வரவில்லை என்று பிறகு, 2024-இல், சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். தனிமனிதர்களுக்கு இடையிலான கணக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒரே கேள்வி: ஒரு தலித் பாட்டியின் கண்ணீரிலிருந்து வந்த பாட்டு அட்டைக்குப் போகிறது, மேடைக்குப் போகிறது, அந்தப் பாட்டியின் பேரன் மட்டும் ஒவ்வொரு தடவையும் "நானும் இருக்கிறேன்" என்று கத்திச் சொல்ல வேண்டிய நிலை ஏன்?

கேட்கப்படாத அறிவு

'எஞ்சாய் எஞ்சாமி'க்கு முன்னாலேயே, 2019-இல், அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் 'ஸ்னோலின்' என்று ஒரு பாட்டு. 'கள்ள மௌனி' என்று ஒரு பாட்டு. 'ஆன்டி இந்தியன்' என்று ஒரு பாட்டு. இவை எந்தக் காதுகுத்தில் ஒலித்தன? எந்தக் கல்லூரி விழாவில் ஒலித்தன? ஒலிக்காது. இவற்றில் இருட்டு அதிகம். ஆடுவதற்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்னோலின் யார்? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி ஊர்வலம் போன மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் கொல்லப்பட்ட 13 பேரில் ஒருவர். பதினேழு வயது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் காவல்துறையின் தவறுகளைச் சுட்டிக்காட்டி, நடவடிக்கை எடுக்கச் சொன்ன நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆணையம் வருவதற்கும் அறிக்கை வருவதற்கும் நான்கு ஆண்டுக்கு மேல் பிடித்தது. பாட்டு அடுத்த ஆண்டே வந்துவிட்டது. அரசு 'சம்பவம்' என்றும் 'உயிரிழப்பு' என்றும் எழுதிக்கொண்டிருந்தபோது பாட்டு அந்தப் பெண்ணின் பெயரைத் தலைப்பாக வைத்தது. கோப்பில் எண்ணாகக் கிடந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இருட்டுப் பாட்டு செய்கிற முதல் வேலை இதுதான்.

'கள்ள மௌனி' என்ற தலைப்பைப் பாருங்கள். நம் ஆட்கள் பேச்சுவழக்கில் சாதாரணமாகப் பயன்படுத்துகிற சொல். எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதது போல வாயை மூடிக்கொண்டிருப்பவனைச் சொல்வது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத சொல். வேங்கைவயலைச் சுற்றி எத்தனை ஊர், எத்தனை தெரு, எத்தனை வீடு? அந்தத் தொட்டியைப் பற்றி, இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளையைப் பற்றி, அய்யனார் கோயிலுக்குள் யார் போகக் கூடாது என்பதைப் பற்றித் தெரியாதவர் யார் இருந்தார்? 2022 டிசம்பர் 27 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்த பிறகுதான் அந்தக் குவளைகள் 'கண்டுபிடிக்கப்பட்டன'. அன்றைக்குத்தான் தலித் மக்கள் அந்தக் கோயிலுக்குள் அழைத்துப் போகப்பட்டார்கள். அதுவரைக்கும் அந்தக் கடையில் டீ குடித்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு குவளை இருந்ததே! அது எந்தக் குவளை என்று அவரவர்க்குத் தெரியுமே!

மௌனத்தையும் குற்றக் கணக்கில் சேர்க்கிற பாட்டை எந்த மண்டபத்தில் போடுவார்கள்?

"எப்போது பார்த்தாலும் ஏன் ஒப்பாரி?"

இந்தக் கேள்வி முற்போக்குப் பேசுகிற சாதி இந்து நண்பர்களிடமிருந்து வருகிறது. "அறிவு நல்ல கலைஞர். ஆனால் எல்லாவற்றிலும் ஏன் அழுகை, ஏன் கோபம், ஏன் சாதி? கொஞ்சம் பாசிட்டிவாகப் பாடலாமே" என்கிறார்கள். ஒப்பாரி என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரியவில்லை.

ஒப்பாரி வெறும் அழுகை கிடையாது. நம் ஊர்களில் ஒரு சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து பாடும்போது என்ன நடக்கிறது? செத்தவரின் பெருமை வரும். அதோடு, பங்கு நிலத்தை ஏமாற்றிய பங்காளி வருவான். சீர் செய்யாத அண்ணன் வருவான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்ட மகன் வருவான். குடித்துவிட்டு அடித்த புருஷன் வருவான். பஞ்சாயத்தில் வாய் திறக்க அனுமதியில்லாத பெண், பிணத்தின் முன்னால் எல்லாவற்றையும் பேர் சொல்லிப் பாடுவாள். யாராலும் குறுக்கே பேச முடியாது. குற்றம் சாட்டப்பட்டவன் பந்தலுக்கு அடியில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். போலீஸ் நிலையத்தில் எழுதப்படாத முதல் தகவல் அறிக்கை அந்தப் பந்தலில்தான் பதிவாகிறது.

இப்போது நிஜமான முதல் தகவல் அறிக்கையின் கதையைப் பார்ப்போம். வேங்கைவயல் வழக்கு வெள்ளனூர் காவல் நிலையத்தில் தொடங்கி, 2023 ஜனவரியில் சிபிசிஐடிக்குப் போனது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. மரபணு சோதனை என்று சொல்லி ரத்த மாதிரிகள் எடுத்தார்கள். பாதிக்கப்பட்ட தெருவின் சிறுவர்களையும் விடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. அதில் பெயரிடப்பட்ட மூவரும் அதே வேங்கைவயலின் தலித் இளைஞர்கள். தங்கள் வீட்டுக் குழந்தைகள் குடிக்கிற தண்ணீரில் தாங்களே மலம் கலந்தார்கள் என்பது அரசுத் தரப்பின் கதை. ஊராட்சித் தலைவரின் கணவர் மீதுள்ள பகைதான் காரணமாம். பிப்ரவரி தொடக்கத்தில் வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சாதாரணக் குற்றவியல் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சாதி வழக்கு என்ற அடையாளமே கழன்றுவிட்டது. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் இன்னும் பலரும் சிபிஐ விசாரணை கேட்டார்கள்.

குற்றப்பத்திரிகை தீர்ப்பு ஆகாது. நீதிமன்றம் விசாரிக்கட்டும். ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே சொல்ல முடியும். வேங்கைவயல் மக்கள் முதல் நாளிலிருந்து சொன்னதையெல்லாம் இந்த இரண்டு ஆண்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசாரணை அவர்கள் தெருவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. இரட்டைக் குவளை வைத்த ஊரைச் சுற்றி அந்த அளவுக்குச் சுற்றியதா? புகார் கொடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிற நாட்டில், பாட்டு மட்டும் 'பாசிட்டிவாக' இருக்க வேண்டுமாம்!

கொண்டாட்டமும் சாவும் ஒரே மேளத்தில்

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். "எவ்வளவு காலத்துக்குத்தான் நம்மைப் பாதிக்கப்பட்டவர்களாகவே காட்டிக்கொள்வது? நம் பிள்ளைகள் கோட்டு சூட்டுப் போட்டு மேடை ஏறி, சிரித்துக்கொண்டே பாடட்டும். அதுவே அரசியல்" என்கிற தோழர்கள் இருக்கிறார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, கோட்டு சூட்டோடு மேடை ஏறியபோது அதைத்தான் செய்தது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சாதிக்காரர்களுக்கு வயிறு எரிந்தது உண்மை. அந்தக் கொண்டாட்டம் யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. அடித்துப் பிடித்து வாங்கியது.

ஆனால் அந்தக் கானா எங்கிருந்து வந்தது? வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற மரண கானாவிலிருந்தும் வந்தது. அங்கே பிணம் வாசலில் கிடக்கும். பாடகர் செத்தவரைப் பற்றிக் கிண்டலாக ஒரு வரி பாடுவார், கூட்டம் சிரிக்கும், அடுத்த வரியில் கூட்டமே உடைந்து அழும். சிரிப்பையும் சாவையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கிற பழக்கம் நம்மிடம் கிடையாது. அது வாங்குகிறவர்களின் பழக்கம். சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சாவை நம்மிடமே திருப்பித் தருகிறார்கள். கொண்டாட்ட அரசியல் பேசுகிற நம் தோழர்கள் அந்த வியாபாரிகளின் கணக்கை நம் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கோட்டும் சூட்டும் நமக்குத்தான். ஸ்னோலினும் நமக்குத்தான்.

அறிவொளியின் மாவட்டம்

புதுக்கோட்டைக்குப் பாட்டின் பலம் புதிதில்லை. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஊர் ஊராகப் பாட்டுதான் முன்னால் போனது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரிப் பெண்கள் எழுத்தும் கற்றுக் கணக்கும் கற்றார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கென்றே தனிப் பாட்டு எழுதப்பட்டு, பட்டி தொட்டியெல்லாம் பரவியது. பி. சாய்நாத் இதை எழுதியதால் உலகத்துக்கே தெரிந்தது. அந்தப் பாடல்களில் வெளிச்சம் இருந்தது. அது பொய் வெளிச்சம் இல்லை. இன்றைக்கும் இந்த மாவட்டத்தில் ஒரு தலித் பெண் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தன் மனுவைத் தானே எழுதிக்கொண்டு சைக்கிளில் போகிறார் என்றால் அதில் அந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு.

ஆனால் மனு எழுதக் கற்றுக்கொண்டது இவர்கள். மனுவைப் படிக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே படித்தவர்கள்தானே? இரட்டைக் குவளை வைத்தது எழுத்தறிவின்மையா? தொட்டிக்கு மேல் ஏறிய கைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா? வெளிச்சப் பாட்டு அடிபட்டவருக்கு நம்பிக்கை கொடுக்கும். அடித்தவனைக் கூண்டில் ஏற்ற அதனால் ஆகாது. அதற்கு வேறு பாட்டு வேண்டும். முப்பது ஆண்டுகளாக இந்த மாவட்டம் பாடாமல் தள்ளிப்போட்ட பாட்டு அது.

எது இருட்டுப் பாட்டு?

அறிவின் பாட்டு இருட்டு என்கிறவர்கள் உண்மையான இருட்டுப் பாட்டைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருவிழாவில், ஜல்லிக்கட்டுத் திடலில், டிராக்டரில் கட்டிய ஸ்பீக்கரில், பள்ளிக்கூடப் பையனின் அலைபேசியில் ஆண்ட பரம்பரைப் பாட்டு ஓடுகிறதே, அது என்ன வெளிச்சமா? 1992-இல் வந்த 'தேவர் மகன்' படத்துப் பாட்டு தெற்கு மாவட்டங்களில் என்ன வேலை செய்தது என்று மாரி செல்வராஜ் கமல்ஹாசனுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். அது துள்ளலான பாட்டு. இசை இனிமையான பாட்டு. அதில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு சேரித் தெரு வழியே போகும்போது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும், எது இருட்டு என்று.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்கே போய், கூடப் படிக்கிற பையன்கள் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிறு கையில் இருக்கிறது, கழற்றிவிடலாம். காதில் ஏறிய பாட்டை எப்படிக் கழற்றுவது? 2025 மே மாதம் நம் மாவட்டத்து வடகாட்டில் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டித் தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள், அவர்கள் குடியிருப்பில் தீ வைக்கப்பட்டது. பெட்ரோல் பங்க்கில் நடந்த தகராறு என்று காவல்துறை சொன்னது. தகராறு எங்கே தொடங்கினாலும் தீ மட்டும் ஒரே தெருவைத் தேடி வருகிறதே, அதற்கு வழி காட்டுவது யார்?

சாதிப் பெருமைப் பாட்டு சந்தோஷமானது. அதனால்தான் ஆபத்தானது. சாதி எதிர்ப்புப் பாட்டு துக்கமானது. அதனால்தான் அதில் உண்மை இருக்கிறது.

வழக்கு முடியலாம், பாட்டு முடியாது

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கோப்பு மூடப்பட்டது. ஆனால் இன்குலாப் 'மனுசங்கடா' எழுதினார். இளையான்குடியிலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன் அதைத் தன் குரலில் ஏற்றி, மேடை மேடையாகக் கொண்டுபோனார். விடுதலையான மிராசுதார்களை இன்றைக்கு யார் நினைக்கிறார்கள்? அந்தப் பாட்டு இன்றைக்கும் நம் கூட்டங்களில் ஒலிக்கிறது. குணசேகரனும் இன்குலாபும் 2016-இல், ஒரே ஆண்டில், போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு இன்குலாபுக்குச் சாகித்திய அகாதமி விருது அறிவிக்கப்பட்டபோது அவர் குடும்பம் வாங்க மறுத்தது. எந்த வரிசையில் அறிவு நிற்கிறார் என்று புரிந்துகொள்ள இது போதும். ராப் என்பதால் அது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பாட்டு ஆகிவிடாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டை 1939-இல் பில்லி ஹாலிடே பாடினார். அவரோடு ஒப்பந்தத்தில் இருந்த பெரிய ரெக்கார்டு கம்பெனி அதைப் பதிவு செய்ய மறுத்தது. வேறொரு சிறிய நிறுவனம்தான் வெளியிட்டது. நியூயார்க் விடுதியில் அவர் அதைப் பாடும்போது ஒரு விதி இருந்தது. பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்கை அணைத்து, அவர் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் வைப்பார்கள். அந்தப் பாட்டை எச்சில் கையோடு கேட்க அனுமதியில்லை.

நமக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கல்லூரி விழாக் குழுக்களுக்கும், அரசு விழா நடத்துகிற அதிகாரிகளுக்கும், நம் சொந்த இயக்கத் தோழர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். அறிவின் ஆட்டப் பாட்டைப் போடுகிற மேடையில் 'கள்ள மௌனி'யையும் போடுங்கள். பாட்டைக் கூப்பிட்டால் பாடினவரையும் கூப்பிடுங்கள், பேசுகிற தொகையை ஒழுங்காகக் கொடுங்கள். திருவிழா ஸ்பீக்கருக்கு அனுமதி கொடுக்கிற காவல்துறை, ஆண்ட பரம்பரைப் பாட்டைப் போடுகிறவர் மீது முதலில் வழக்குப் போடட்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று, வெண்மணி நாளுக்கு மறுநாள், வேங்கைவயலின் பெயரைச் சொல்லி இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு கூட்டம் நடக்கட்டும். அதில் நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரி பாடட்டும். தொட்டியில் மலம் கலந்தவனை, இரண்டாவது குவளையை நீட்டியவனை, பார்த்துக்கொண்டு டீ குடித்தவனை, கோப்பைத் திருப்பி எழுதியவனை வரிசையாக வைத்துப் பாடட்டும்.

அதுவரைக்கும் மண்டபங்களில் பாட்டு ஓடத்தான் செய்யும். அடுத்த தடவை 'எஞ்சாய் எஞ்சாமி' போடும்போது பக்கத்தில் ஆடுகிறவரிடம் வள்ளியம்மாள் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெரியாதவர் ஆடிவிட்டுப் போகட்டும். தெரிந்தவர்கள் வேங்கைவயலுக்கு வாருங்கள்.